முறுக்கு டப்பாவில் மூன்று சிம்

“தம்பி, கேமரா மறுபடியும் சுத்துது.”

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடை அக்கா இரவு ஒன்பதே முக்காலுக்கு அனுப்பிய குரல் பதிவு. சுத்துது என்றால் கேமரா தலையைத் திருப்புகிறது என்று அர்த்தமில்லை. வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் கடையைப் பார்க்கலாம் என்று திறந்தால், படம் வராமல் நடுவில் அந்த வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பகல் முழுக்க ஒழுங்காக வரும். கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனதும் சுற்ற ஆரம்பிக்கும். கடையில் ஆள் இருக்கும்போது யாருக்கு வேண்டும் கேமரா?

நான் கிள்ளான் பள்ளத்தாக்கில் சின்னச் சின்னக் கடைகளுக்குக் கேமரா மாட்டிக் கொடுக்கிறவன். வாடகைக் கடையில் இரண்டு வருட ஒப்பந்தம் போட்டுக் கம்பி இணையம் இழுக்க எல்லோருக்கும் மனம் வராது. அவர்களுக்கு ஒரு 4ஜி ரௌட்டர், அதில் ஒரு சிம், முடிந்தது வேலை. அக்கா கடையில் அதற்குள் இரண்டு தடவை சிம் மாற்றியாகிவிட்டது. முதல் தடவை, “அந்தக் கம்பெனி லைன் ராத்திரியில் சரியில்லக்கா” என்றேன். இரண்டாம் தடவை வேறு கம்பெனியைப் பற்றி அதையே சொன்னேன். மூன்றாவதாகச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. வாடிக்கையாளர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, “எந்த லைன் நல்ல லைன்?” பத்து வருடமாக வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், எது நன்றாக வருகிறதோ அதுதான் கோலாலம்பூர் முழுவதற்கும் நல்ல லைன் என்ற நினைப்பு. 2024 ஜூலையில் என் சொந்த அக்காவின் மகன், எனக்கு மருமகன் முறை, பாலிடெக்னிக் விடுமுறையில் வீட்டில் சும்மா இருந்தான். சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று இறங்கினோம்.

லோ யாட் பிளாசாவில் ஒரே மாதிரி பழைய 5ஜி போன் மூன்று வாங்கினேன். ஒரே மாடலாக இருப்பது முக்கியம். ஆண்டெனா ஆளுக்கு ஒரு மாதிரி இருந்தால் அளப்பது போனைத்தான், லைனை அல்ல. மூன்று கம்பெனி பிரீபெய்டு சிம் போட்டு, பெட்டிக்குள் நின்ற வரிசையில் பெரியவன், நடுவன், சின்னவன் என்று பெயர் வைத்தோம். கம்பெனியின் அளவுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. நிஜப் பெயரை எழுதப் போவதில்லை. நான் நின்ற இடத்தில், நின்ற நேரத்தில், என் போனில் வந்த எண்கள் இவை. பெயரைப் போட்டால் சண்டைதான் மிஞ்சும்.

பெட்டியில்தான் முதல் கோட்டை விட்டேன். மோட்டாரில் கட்டிக்கொண்டு போக வசதி என்று மூன்று போனையும் என் இரும்பு டூல் பாக்ஸுக்குள் ஸ்பாஞ்ச் வைத்து நிறுத்தினேன். மூடியைத் திறந்து பார்த்தால் மைனஸ் 82. மூடிவிட்டு ஓட விட்ட பதிவைப் பார்த்தால் மைனஸ் 97. மருமகன் சிரித்துவிட்டான். “மாமா, இரும்புப் பெட்டிக்குள்ள வச்சா எப்படி லைன் வரும்?” அப்புறம் சமையலறையில் தேடி, தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைக்கும் சிவப்பு மூடி பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தோம். மனைவியிடம் கேட்கவில்லை.

அந்த மைனஸ் எண் என்ன என்று கேட்பவர்களுக்கு: கோபுரத்திலிருந்து போனுக்கு வந்து சேரும் சமிக்ஞையின் பலம், டிபிஎம் கணக்கில். ஆண்ட்ராய்டில் *#*#4636#*#* என்று அழுத்தினால் பல போன்களில் அந்தப் பக்கம் திறக்கும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 80 என்றால் அருமை, 100 என்றால் சமாளிக்கலாம், 115 தாண்டினால் ஐசியூ. மூன்று எண் இறங்கினால் பலம் பாதியாகிறது, பத்து இறங்கினால் பத்தில் ஒரு பங்கு. ஆக என் டூல் பாக்ஸ் தின்ற பதினைந்து, கிட்டத்தட்ட முப்பது மடங்கு. திரையின் மேல் மூலையில் தெரியும் பார் இருக்கிறதே, அதை நம்பவே வேண்டாம். எத்தனை டிபிஎம்முக்கு எத்தனை பார் என்பதை ஒவ்வொரு போன் கம்பெனியும் அதன் இஷ்டத்துக்குத்தான் வைக்கிறது.

வேகத்துக்கு வழக்கமான ஸ்பீட் டெஸ்ட் செயலிதான். ஆனால் சர்வரை நாமே தேர்ந்தெடுத்தோம். தானாக விட்டால் அது அந்தந்தக் கம்பெனியின் சொந்த சர்வரையே பிடிக்கப் பார்க்கும். அவன் வீட்டு வாசலிலிருந்து அவன் வீட்டுக் கூடத்துக்கு நடந்த நேரத்தை அளந்து என்ன பயன்? மூவருக்கும் கோலாலம்பூரில் ஒரே சர்வர். அதோடு 20 எம்பி காணொளி ஒன்றைக் கிளவுடில் ஏற்றி, கடிகாரம் பிடித்தோம். எனக்கு அப்லோடுதான் சோறு போடுகிறது. நான்கு கேமராவின் சின்னப் படத்தைச் சேர்த்துப் பார்க்க விநாடிக்கு 2 மெகாபிட் ஏற்றம் வேண்டும். டவுன்லோடு 300 வந்தாலும் ஏற்றம் அரை மெகாபிட் என்றால் வட்டம்தான் சுற்றும்.

முதல் நாள் செந்தூலில் தொடங்கி ஜாலான் ஈப்போ வழியாக சௌக்கிட், மஸ்ஜித் இந்தியா என்று நகருக்குள் இறங்கினோம். ஒவ்வொரு இடத்திலும் மூன்று போனிலும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினோம். நியாயமான போட்டி என்றால் ஒன்றாகத்தானே ஓட வேண்டும்? சௌக்கிட்டில் டவுன்லோடு 118, 104, 121 மெகாபிட். மூவரும் ஏறக்குறைய ஒன்றுபோல வருவது எனக்கு இடித்தது. சும்மா நடுவனை மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்தேன். 331. பெரியவன் தனியாக 318. சின்னவன் 340.

நடைபாதை ஓரத்தில் தே தாரிக் சொல்லிவிட்டு யோசித்தபோதுதான் உறைத்தது. மலேசியாவில் 5ஜி ஒரு தனிக் கதை. 2021இல் அரசாங்கம் டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட் என்ற நிறுவனத்தை உண்டாக்கி, நாட்டுக்கே ஒரே 5ஜி வலையமைப்பு போடச் சொன்னது. அந்த டிசம்பரில் கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயாவில் சேவை தொடங்கி, 2023 முடிவதற்குள் மக்கள் வாழும் பகுதிகளில் 80 விழுக்காட்டை எட்டிவிட்டார்கள். மற்ற கம்பெனிகள் எல்லாம் அப்போது அதில் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக நமக்கு விற்றன. அதாவது, என் டப்பாவுக்குள் போட்டி போட்ட மூவரும் ஒரே கோபுரத்தின் ஒரே குழாயில் வாய் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். 118, 104, 121 கூட்டிப் பாருங்கள்: 343. தனியாக ஓடியபோது ஒருவனுக்குக் கிடைத்த அதே அளவு. மூன்று சட்டை, உள்ளே ஒரே உடம்பு.

2024 நவம்பரில் இரண்டாவது 5ஜி வலையமைப்பு போட யு மொபைலைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அதனால் மேலே சொன்னது அன்றைய நிலவரம். ஆனால் நான் அளந்த ஜூலையில், நல்ல 5ஜி காட்டிய தெருவில் சிம்மில் என்ன பெயர் அச்சடித்திருக்கிறது என்பதற்குப் பெரிய அர்த்தமில்லை. வித்தியாசம் எங்கே இருந்தது என்றால், திட்டத்தில் கம்பெனி போட்டிருக்கும் வேகக் கட்டுப்பாட்டில், அப்புறம் 4ஜியில். 4ஜிக்கு ஒவ்வொருவனுக்கும் சொந்த வலையமைப்பு, சொந்த அலைவரிசை. அப்போது இங்கே 5ஜி பெரும்பாலும் 4ஜியின் தோளில் ஏறித்தான் வந்தது என்பதால் 4ஜி சொதப்பினால் 5ஜியும் தடுமாறியது. திரையில் 5ஜி என்று எழுதியிருப்பதே சில நேரம் “இந்தப் பக்கம் 5ஜி உண்டு” என்ற விளம்பரப் பலகைதான். பட்டனை அழுத்தும்போது ஓடுவது 4ஜியாக இருக்கும்.

அன்றிலிருந்து ஒருவன் முடித்த பிறகே அடுத்தவன். என் ரௌட்டர்கள் 4ஜிதான் என்பதால் அதே 4636 பக்கத்தில் எல்டிஇ (4ஜியின் இன்னொரு பெயர்) மட்டும் என்று மாற்றி, ஒவ்வொரு இடத்திலும் 4ஜிக்குத் தனிச் சுற்று. நேரம் இரண்டு மடங்கானது. மருமகனின் உற்சாகம் பாதியானது.

மதியம் மஸ்ஜித் இந்தியாவில் இன்னொரு கூத்து. நடுவன் திடீரென்று 5.1, 5.0, 5.1. ரேடியோ இப்படி ஒழுங்காக நடக்காது. உண்மையான லைன் என்றால் 40, 63, 51 என்று குதிக்கும். மூன்று தடவையும் கோடு போட்டது போல ஒரே எண் வந்தால், யாரோ குழாயைத் திருகி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கணக்கு போட்டேன். 300 மெகாபிட் வேகத்தில் பன்னிரண்டு விநாடி சோதனை ஓடினால் 450 எம்பி. மூன்று போன், மூன்று தடவை என்றால் ஒரு இடத்துக்கே நாலு ஜிபி. காலையில் போட்ட டாப்-அப் மதியச் சோற்றுக்கு முன் காலி. ஒதுக்கீடு தீர்ந்ததும் வேகத்தை இறக்கிவிட்டார்கள். அதில் தப்பு அவர்கள்மேல் இல்லை, பொடி எழுத்தைப் படிக்காத என்மேல். 5ஜி சோதனையை ஒரு தடவையாகக் குறைத்தோம்.

இரண்டு மணிக்கு மூன்று போனும் 5ஜியை விட்டுவிட்டு 4ஜியில் உட்கார்ந்துகொண்டன. கையில் எடுத்தால் சுட்டது. கண்ணாடி மாதிரி டப்பா, மேலே ஜூலை வெயில். போன் கொதித்தால் முதலில் 5ஜியைத்தான் அணைக்கும். ட்ரில் எடுத்து டப்பாவின் இரண்டு பக்கமும் ஆறு ஆறு ஓட்டை போட்டேன். மூடியில் நாலு. இதையும் மனைவியிடம் சொல்லவில்லை.

நாலு மணி மழையில் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கியபோது பக்கத்தில் நின்ற உணவு டெலிவரி தம்பி, “மழை வந்தா லைன் போயிரும் அண்ணே” என்றார். மழையில் போவது கூரைமேல் இருக்கும் டிவி தட்டு. அதன் அலை 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம், மழைத்துளி அதைத் தின்னும். போனின் அலைக்கு மழை ஒரு பொருட்டில்லை. அங்கேயே அளந்து காட்டினேன்: மழைக்கு முன் மைனஸ் 85, கொட்டும்போது மைனஸ் 86. ஆனால் அவர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. மழை வந்தால் இருநூறு மோட்டார் ஒரே பாலத்துக்கு அடியில் நிற்கும், இருநூறு பேரும் போனைத்தான் நோண்டுவோம்.

பத்துமலைக்கு ஒரு ஞாயிறு காலை போனோம். 2006இல் திறந்த முருகன் சிலைக்குக் கீழே, திறந்த வெளியில், மூவருமே மைனஸ் 80 சுற்றுவட்டாரம், 5ஜி பறந்தது. அங்கிருந்து 272 படி. ஐம்பது படிக்கு ஒரு தடவை நின்று அளப்பது திட்டம். நூறாவது படியிலேயே ஒரு குரங்கு வந்து டப்பாவைப் பார்த்தது. சிவப்பு மூடி, உள்ளே ஏதோ கறுப்பாக மூன்று. அதன் அனுபவத்தில் சிவப்பு மூடி டப்பா என்றால் தின்பண்டம். மருமகன் டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கினான், அது அவன் சட்டையைப் பிடித்துத் தொங்கியது. மூடி போனது. போன்கள் தப்பின. மூடியைக் கடித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்துச் சுவரில் வைத்துப் போனது, நல்ல வளர்ப்பு. பல் தடம் இன்னும் இருக்கிறது.

குகைக்குள் நுழைந்ததும் எண்கள் சரிந்த விதம் பார்க்க அழகு. வாயிலில் மைனஸ் 91. உள்ளே இருபது அடி வைத்ததும் 104. சந்நிதிப் பக்கம் பாறை முழுசாகக் கவிந்த இடத்தில் பெரியவனும் சின்னவனும் 116இல் தொங்க, நடுவன் அவசர அழைப்பு மட்டும் என்று கைவிரித்தான். சுண்ணாம்புக்கல் மலை, அதுவும் ஈரம் ஊறிய பாறை; அலை எப்படி வரும்? அதைவிட ருசியானது பின்பக்கக் குகை. அங்கே கூரை வானத்துக்குத் திறந்திருக்கும், வெளிச்சம் தூணாக இறங்கும். அந்த வெளிச்சத்துக்கு அடியில் போய் நின்றதும் நடுவன் திரும்பி வந்தான், மைனஸ் 109. வெளிச்சம் வந்த வழியில் லைனும் வந்தது. வந்ததும் எது என்று பார்த்தால் 900 மெகாஹெர்ட்ஸ்.

சின்ன எண் அலைவரிசை எப்போதும் இப்படித்தான். 5ஜிக்கு இங்கே முக்கியமாக 700, 3500 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு. 3500இன் அலை நீளம் எட்டரை சென்டிமீட்டர், 700இன் நீளம் 43 சென்டிமீட்டர். நீள அலை முனை சுற்றி வளையும், சுவருக்குள்ளும் நுழையும்; ஆனால் அதில் பாதை குறுகல், வேகம் குறைவு. குட்டை அலை அகலமான நெடுஞ்சாலை, சுவரைக் கண்டால் நின்றுவிடும். தைப்பூசத்தன்று அங்கே நிலைமை முற்றிலும் வேறு. லைன் பலம் அப்படியே இருக்கும், ஆனால் அத்தனை லட்சம் பேருக்கு நடுவில் ஒரு வாட்ஸ்அப் படம்கூட நகராது. ஜூலையில் போன எங்களுக்கு அந்தச் சோதனை வாய்க்கவில்லை.

ரயிலில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கெலானா ஜெயா எல்ஆர்டி தடத்தில் மஸ்ஜித் ஜாமெக்கிலிருந்து அம்பாங் பார்க் வரை ஐந்து நிலையம் பூமிக்கு அடியில். நிலையங்களில் மூவரும் சௌகரியமாக இருந்தார்கள், இடையில் சுரங்கத்தில் ஓடும்போது ஏற்ற வேகம் குலுங்கியது. என் வாடிக்கையாளர் யாரும் சுரங்கத்தில் கடை வைக்கவில்லை, விட்டுவிட்டேன்.

செந்தூலில் என் சொந்த அக்கா வீடு, 17ஆம் மாடி ஃப்ளாட். இந்த ஒரு வீட்டில் மட்டும் மூன்று இரவு போய் உட்கார்ந்தோம், அக்காவின் மீன் குழம்பும் ஒரு காரணம். ஜன்னலில் நின்றால் கேஎல் கோபுரம், இரட்டைக் கோபுரம் எல்லாம் தெரியும். பார் நிறைய நிறைய. பெரியவன் மைனஸ் 81. ஆனால் 4ஜி டவுன்லோடு 7, அப்லோடு 2. கீழே இறங்கி, கார் நிறுத்தும் இடத்தில் அளந்தோம். மைனஸ் 97. டவுன்லோடு 31, அப்லோடு 14.

“மாமா, பார் கம்மி, வேகம் ஜாஸ்தி. உல்ட்டாவா இருக்கே?”

பாசார் மாலாமை, அந்த இரவுச் சந்தையை, நினைத்துக்கொள் என்றேன். நடுவில் போய் நின்றால் பத்துக் கடைக்காரர்களும் கத்துவது காதில் நன்றாகவே விழும். ஆனால் அதில் ஒருவர் என்ன விலை சொல்கிறார் என்று கேட்டுச் சொல், பார்ப்போம். 17ஆம் மாடியில் போனுக்கு ஊரிலுள்ள அத்தனை கோபுரமும் தெரிகிறது. எல்லாமே பலமாகக் கத்துகின்றன. தனக்கு உரிய குரலை மற்ற இரைச்சலிலிருந்து பிரித்தெடுப்பதே போனுக்குப் பாடு. போதாததற்குக் கோபுரத்து ஆண்டெனாக்கள் தெருவைப் பார்த்துத் தலை குனிந்திருக்கும், மாடிக்காரர்களுக்காக அல்ல. 4636 பக்கத்திலேயே இன்னொரு எண் உண்டு, குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம், எஸ்ஐஎன்ஆர் என்பார்கள். மேலே 1, கீழே 14. சில போன்களில் அந்த இடம் காலியாக இருக்கும். அதற்கென்று உள்ள இலவசச் செயலிகளில் பார்க்கலாம். இனி நான் எங்கே ரௌட்டர் வைத்தாலும் பாரை அல்ல, இந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அதே 17ஆம் மாடியில் அதே பெரியவனுக்கு 22 வந்தது. மைனஸ் 81 மாறவில்லை. ஆக இரவு ஒன்பதுக்கு இன்னொரு திருடனும் இருக்கிறான், கூட்டம். அத்தனை வீட்டிலும் நாடகம் ஓடுகிற நேரம் அது. அக்காவுக்குக் கடைசியில் செய்தது ஒன்றே ஒன்று: ரௌட்டரை அந்த அழகான ஜன்னலிலிருந்து எடுத்து, உள் அறையில் ஒரே ஒரு கோபுரத்தைப் பார்க்கும் பக்கச் சுவரில் வைத்தேன். பலம் மைனஸ் 93க்கு இறங்கியது, விகிதம் 9க்கு ஏறியது, இரவு வேகம் 15. “லைன் கொறஞ்சிருச்சேடா” என்று ரௌட்டர் விளக்கைப் பார்த்து இன்னமும் குறைபட்டுக்கொள்கிறார். நாடகம் நிற்காமல் ஓடுவதை ஒத்துக்கொள்கிறார்.

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு மளிகைக் கடைக்கு மட்டும் சிம்மை மாற்றும்படி ஆனது. அங்கே 4ஜியில் பெரியவன் ஏற்றம் 3, சின்னவன் 19. மூன்று வேளையும் அப்படியே வந்தது, சந்தேகமே இல்லை. அதே சின்னவன் பூச்சோங்கில் ஒரு முடிதிருத்தும் நிலையத்தில் கடைசி. எந்த லைன் நல்ல லைன் என்று இனி கேட்பவர்களிடம், கடை முகவரியைச் சொல்லுங்கள், டப்பாவோடு வருகிறேன் என்கிறேன். இருபது வெள்ளி கூடுதல் கேட்கலாமா என்று யோசனை.

இவ்வளவுக்குப் பிறகுதான் பூக்கடை. ஒரு வியாழக்கிழமை மாலை டப்பாவோடு போய் உட்கார்ந்தேன். ஏழு மணிக்கு மூவரும் நன்றாக இருந்தார்கள், மைனஸ் 84, 86, 83. எட்டு, எட்டரை, ஒன்பது, அதே எண். ஏற்றம் 12க்குக் குறையவில்லை. கூட்டம் என்றால் இதற்குள் தெரிந்திருக்க வேண்டும். அக்கா மாலைகளை எல்லாம் குளிர்பெட்டியில் அடுக்கிவிட்டு, தரையைக் கழுவிவிட்டு, “நான் சாத்தணும் தம்பி” என்றார்.

“சாத்துங்கக்கா. நான் உள்ளேயே இருக்கேன்.”

“உள்ளேயா?”

“அஞ்சு நிமிஷம்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கடை சாத்திய பிறகு அந்தக் கடைக்குள் நான் ஒரு நாளும் நின்றதில்லை. வேலைக்கு வருவது பகலில், புகார் வருவது இரவில். கடகடவென்று முன்பக்கத்து இரும்பு ஷட்டர் இறங்கியது. தரையைத் தொட்ட சத்தம் கேட்டது. டப்பாவைப் பார்த்தேன். மைனஸ் 84 இருந்த பெரியவன் 103.

பதினெட்டு நாள் முன்பு என் சொந்த டூல் பாக்ஸை மூடிப் பார்த்த அதே சங்கதி. இப்போது டூல் பாக்ஸுக்குள் நான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கமும் செங்கல் சுவர், பின்னால் இரும்புக் கதவு, உள்ளே ஆள் உயரத்தில் இரண்டு எவர்சில்வர் குளிர்பெட்டி, அந்தக் குளிர்பெட்டிக்குப் பின்னால் நான் பத்திரமாக ஒளித்து வைத்த ரௌட்டர். பகலில் கடையின் முன்பக்கம் முழுக்கத் திறந்திருப்பதால் அலை தாராளமாக வந்துகொண்டிருந்தது. 84க்கும் 103க்கும் இடையில் பத்தொன்பது, அதை டெசிபெல் என்பார்கள்; அப்படியென்றால் எண்பது மடங்கு. சோதனையை ஓட்டினேன். டவுன்லோடு 18. அப்லோடு 0.4.

ஏன் ஏற்றம் மட்டும் செத்தது என்றால், கோபுரத்திடம் பெரிய ஒலிபெருக்கி இருக்கிறது. நம் ரௌட்டர் பேச அனுமதிக்கப்பட்ட பலம் 200 மில்லிவாட், அவ்வளவுதான். கோபுரம் கத்துவது ஷட்டரைத் தாண்டி உள்ளே கேட்கும், நாம் முணுமுணுப்பது வெளியே கேட்காது. இரண்டு கம்பெனி சிம்மை மாற்றினேனே, இரண்டுமே உள்ளேயிருந்து முணுமுணுத்துத் தோற்றவைதான். இரவு லைன் மோசம் என்று நான் பழி போட்டதும் அநியாயம்.

“தம்பி, தொறக்கவா?” வெளியே அக்கா ஷட்டரைத் தட்டினார். உள்ளே சிரித்துக்கொண்டிருந்த என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

மறுநாள் சரி செய்ய ஒரு மணி நேரம். ஆண்டெனாவை மட்டும் கேபிள் போட்டு வெளியே கொண்டுவரலாம் என்றுதான் முதலில் தோன்றும். வேண்டாம். கடையில் கிடைக்கும் அந்த மெல்லிய ஆண்டெனா கேபிள் மீட்டருக்கு ஒரு டெசிபெலுக்கு மேல் விழுங்கும். ஐந்து மீட்டர் இழுத்தால் கஷ்டப்பட்டு வெளியே போனதில் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும். அதைவிட ரௌட்டரையே வெளியே தள்ளி, லேன் கேபிளில் உள்ளே இழுப்பது மேல். அது நூறு மீட்டர் வரை முகம் சுளிக்காமல் போகும். கடைவீட்டு ஐந்தடி நடைபாதையின் கூரை ஓரம், மழையும் கையும் எட்டாத உயரத்தில், மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் ரௌட்டரைப் பூட்டினேன். ஷட்டருக்கு மேல் காற்றுத் துளை வழியாக லேன் கேபிள் ஒன்றும் மின் கம்பி ஒன்றும் உள்ளே போயின. பெட்டிக்கு அடிப்பக்கம் காற்றுக்கு ஓட்டை. டப்பா கற்றுக் கொடுத்தது.

சிம் எது? நான் முதன்முதலில் கழற்றிய அதே சிம். என் மேசை டிராயரில் திருகாணிகளோடு கிடந்தது. டாப்-அப் போட்டதும் உயிர் வந்தது. அன்றிரவு ஷட்டர் இறங்கிய பிறகு அளந்தபோது மைனஸ் 80, அப்லோடு 11. அக்கா பாங்சாரில் வீட்டிலிருந்து நான்கு கேமராவையும் திறந்து பார்த்துவிட்டுக் குரல் பதிவு அனுப்பினார். “தெரியுது தம்பி. எலி ஓடுறதுகூடத் தெரியுது. அதுக்கு ஆள் தெரியுமா?”

போன்களில் இரண்டை விற்றுவிட்டேன், மூன்றாவதை மருமகன் வைத்துக்கொண்டான். டப்பா மட்டும் என் வண்டிப் பெட்டியில் கிடக்கிறது. மனைவி போன வாரம் அலமாரியைக் குடைந்துகொண்டே, முறுக்கு டப்பா ஒன்று குறைகிறதே, பார்த்தீங்களா என்று கேட்டார். பதினாறு ஓட்டை, மூடியில் குரங்குப் பல் தடம். இன்னும் பதில் சொல்லவில்லை.